மாற்றிய பின்னும் அதே வண்டியா?

பழுது பார்த்தல், புதுப்பித்தல், மேம்படுத்தல் ஆகிய மூன்று சொற்களையும் நாம் பெரும்பாலும் ஒரே பொருளில் வழங்கி வருகிறோம். சற்று நின்று நோக்கினால் இவை மூன்றும் வெவ்வேறு செயல்கள் என்பது புலப்படும். பழுது பார்ப்பவர் நின்றுபோன ஒன்றை மீண்டும் இயங்கச் செய்கிறார். புதுப்பிப்பவர் அது முன்பிருந்த நிலைக்கு அதனைத் திருப்பிக் கொண்டுவர முயல்கிறார். மேம்படுத்துபவரோ அது ஒருநாளும் பெற்றிராத ஆற்றலை அதற்கு வழங்குகிறார். முதற்செயல் இன்றைய தேவையையும், இரண்டாவது நேற்றைய நினைவையும், மூன்றாவது நாளைய விருப்பத்தையும் சார்ந்தது. ஒரே பொருளின்மீது ஒரே மனிதர் இம்மூன்றையும் ஒருசேரச் செய்யப் புகும்போது அறம் சார்ந்த ஒரு வினா எழுகிறது. அவர் எதற்கு உண்மையாய் இருக்க வேண்டும்? அப்பொருளின் பழமைக்கா, தம் விருப்பத்திற்கா, அல்லது வேறெதற்கேனுமா?

கோவில்களையும் ஓவியங்களையும் முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே வழக்கம். நாம் அதனினும் எளியதொரு பொருளை இங்கு எடுத்துக்கொள்வோம். வீட்டு முற்றத்தில் கொட்டகை போட்டு நிறுத்தி, விடுமுறை நாள்களில் சிறிது சிறிதாகச் சீர்செய்யப்படும் பழைய ஜீப் வண்டியே அப்பொருள். மலையோர ஊர்களில் இத்தகைய வண்டிகளை இன்றும் காணலாம். தந்தை ஓட்டியதை மகன் சீர்செய்வதுண்டு. ஏலத்தில் எடுத்த அரசு வண்டியை நண்பர்கள் கூடிச் சீர்செய்வதும் உண்டு.

அழகுக்கென்று எதுவுமில்லாத வண்டி

இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த 1940ஆம் ஆண்டில், நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய இலகுவான வேவு வண்டி ஒன்றைச் செய்து தருமாறு அமெரிக்கப் படைத்துறை தொழில் நிறுவனங்களைக் கேட்டது. அமெரிக்கன் பாண்டம் என்னும் சிறிய நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பரிலேயே முதல் மாதிரியை ஒப்படைத்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் போர் முடிவதற்குள் 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்து அனுப்பின. நான்கு சிலிண்டர்களும் 2.2 லிட்டர் கொள்ளளவும் ஏறத்தாழ 60 குதிரைத்திறனும் கொண்ட எஞ்சின். முன்னோக்கிச் செல்ல மூன்று கியர்கள். மேடேறும்போது இழுவையைப் பெருக்கித் தரும் துணைக் கியர்ப்பெட்டி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம். மடித்துச் சாய்க்கக்கூடிய முன்கண்ணாடி. அவ்வண்டியின் இலக்கணம் ஏறக்குறைய இவ்வளவே. அழகுக்கென்று அதில் எதுவும் வைக்கப்படவில்லை. அதுவே பின்னாளில் அதன் அழகாயிற்று.

போர் ஓய்ந்தபின் பொதுமக்களுக்கான ஜீப்புகள் வந்தன. இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில், உதிரிகளாக வந்திறங்கிய வில்லிஸ் வண்டிகளைப் பம்பாயில் கோத்து விற்கத் தொடங்கிப் பின்னர் அவற்றை இங்கேயே உருவாக்கியது. காவல்துறை, வனத்துறை, மருத்துவமனை, தேயிலைத் தோட்டம் என ஜீப் செல்லாத இடமில்லை. பெட்ரோல் விலை ஏற ஏறப் பல வண்டிகளில் டீசல் எஞ்சின்கள் இடம் பிடித்தன. தேனி மாவட்டத்தின் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு விடியற்காலையில் மலையேறும் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஜீப் என்பது காட்சிப் பொருளன்று. அன்றைய கூலிக்கு அவர்களைக் கொண்டுசேர்க்கும் வழி. இதனை நாம் நினைவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நாம் தேடும் விடை இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

முற்றத்தில் நிகழும் வேலை

வீட்டில் ஜீப்பைச் சீர்செய்ய முற்படுவோர் முதலில் காண்பது துருவையே. சேஸிஸ் சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே செல்வர். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். உள்ளே அரித்துப்போன இடம் மந்தமாய் முனகும். அரித்த பகுதியை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டைப் பொருத்தி வெல்டிங் வைப்பர். காலடித் தகடுகளை டிங்கர் வேலை செய்பவர் புதிதாய் அடித்துத் தருவார். பின்னர் எஞ்சின் இறங்கும். சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறைக்குச் செல்லும். பேரிங்குகள், ஆயில் சீல்கள், கிளட்ச் தட்டு ஆகியவை மாறும். முதற்கால ஜீப்புகளின் மின்னமைப்பு 6 வோல்ட். அதன் விளக்கொளி இரவில் மங்கலாயிருப்பதால் 12 வோல்ட்டுக்கு மாற்றுவர். மாற்றினால் பல்புகளும் ஸ்டார்ட்டரும் டைனமோவும் அதற்கேற்ப மாறவேண்டும். வில் பட்டைகள், டயர்கள், பிரேக் குழாய்கள், இருக்கைகள் என மாறிக்கொண்டே வரும்.

இவ்வாறு ஐந்தாறு ஆண்டுகள் கழிந்தபின் ஒரு மாலையில் வண்டி உறுமிக்கொண்டு உயிர்பெறுகிறது. கொட்டகையின் மூலையிலோ கழற்றிப்போட்ட பழைய பாகங்கள் குவியலாய்க் கிடக்கின்றன. பார்க்க வந்த உறவினர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "உண்மையான ஜீப் எது, இதுவா, அந்தக் குவியலா?" என வினவினால் நாம் என்ன விடை சொல்வோம்?

தத்துவ ஞானிகள் இதே வினாவை எழுப்பியுள்ளனர். தீசியஸ் என்னும் வீரன் பயணம் செய்த கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் நெடுங்காலம் காத்து வந்தனர். மக்கிய பலகைகளை எடுத்துவிட்டுப் புதிய பலகைகளைப் பொருத்தினர். அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதிட்டனர் எனப் புளூட்டார்க் எழுதினார். ஆங்கிலேய அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் 1655இல் வெளியிட்ட நூலில் இவ்வினாவை மேலும் கூர்மையாக்கினார். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவர் சேர்த்துவைத்து, அதே ஒழுங்கில் இன்னொரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல் என்றார்.

நம் நாட்டு மரபிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. மிலிந்த மன்னருக்கும் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவிக்கும் நிகழ்ந்ததாகக் கூறப்படும் உரையாடலில், துறவி மன்னரின் தேரையே எடுத்துக்காட்டாக்குகிறார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என அடுக்கி, எதுவும் இல்லையென மன்னரையே ஒப்புக்கொள்ளச் செய்கிறார். இப்பாகங்களின் சேர்க்கைக்கு நாம் இட்ட வழக்குப் பெயரே தேர் என்பது அவர் முடிவு. கிரேக்கர் கப்பலைப் பற்றி வினவினர். நாகசேனரோ ஊர்தியைப் பற்றியே வினவினார். ஆகவே முற்றத்து ஜீப்புக்கு அவர் இன்னும் நெருங்கியவர் எனலாம்.

ஆயினும் இவ்விரு விவாதங்களும் ஒன்றைத் தொடாமல் விட்டுவிடுகின்றன. 'அது அதே பொருளா?' என்று கேட்கும் தத்துவம், 'அதனை அவ்வாறு மாற்றியது தகுமா?' என்று கேட்பதில்லை. பலகையை மாற்றிய தச்சரின் கடமை என்ன? அவர் மாற்றாமல் விட்டிருந்தால் கப்பலேறியவர் கதி என்ன? அறத்தின் வினா இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பாரிசின் கோபுரம் தரும் பாடம்

பழமையைப் புதுப்பிப்பது பற்றி 19ஆம் நூற்றாண்டிலேயே இரு துருவங்கள் தோன்றிவிட்டன. ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் 1849இல், பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பதாகச் சொல்வதே பொய் என்று கடிந்தார். பேணிக் காக்கலாம், திருப்பிப் படைக்க இயலாது என்பது அவர் கருத்து. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுயூக், எக்காலத்திலும் இருந்திராத நிறைவான நிலைக்குக்கூட ஒரு கட்டடத்தைக் கொண்டுவரலாம் எனக் கருதினார். அவ்வெண்ணத்துடனேயே அவர் பாரிசின் நோத்ர தாம் பேராலயத்தின் கூரைமேல், மறைந்துபோன பழைய கூர்ங்கோபுரம் நின்ற இடத்தில், தம் கற்பனையையும் சேர்த்துப் புதிய ஒன்றை 1859இல் எழுப்பினார்.

அக்கோபுரம் 2019 ஏப்ரல் 15 அன்று தீயில் சரிந்தபோது உலகமே கலங்கியது. புதுமை எனப்பட்ட ஒன்று 160 ஆண்டுகளில் பழமையாகிவிட்டது. மீண்டும் எதைக் கட்டுவது என்ற விவாதம் எழுந்தது. முடிவில் வியோலே-லெ-டுயூக்கின் வடிவமே வென்றது. கருவாலி மரங்களைக் கோடரியால் செதுக்கும் பழைய தச்சு முறையில் கூரைச் சட்டங்கள் ஆயின. 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது. அதே வேளையில், முன்பு ஒருபோதும் இல்லாத ஒன்றையும் அக்கூரையினுள் பொருத்தினர்: தீப்பற்றினால் நீரைப் பனிபோல் தூவும் அமைப்பு. அதை வியோலே-லெ-டுயூக் வரையவில்லை; இடைக்காலத் தச்சரும் அறியார். ஆயினும் அதனால் பேராலயம் பொய்யாகிவிட்டதென யாரேனும் சொல்லத் துணிவரோ?

நம் வினாவுக்கு இங்கே ஒளி கிடைக்கிறது. வடிவத்தில் பழமையைக் காப்பதும் பாதுகாப்பில் புதுமையை ஏற்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பகை எழுவது வேறோரிடத்தில். பொருளின் பணிக்கும் அதனைச் சூழ்ந்துள்ள மனிதருக்கும் பயன்படாமல், உரிமையாளரின் பெருமைக்கு மட்டுமே மாற்றம் பயன்படும் இடமே அது.

பிரேக்கும் உயரமும்

ஜீப்புக்கே திரும்புவோம். பழைய ஜீப்பின் பிரேக் அமைப்பில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் ஆயில் செல்வது ஒரே சுற்றில்தான். ஏதேனும் ஒரு சக்கரத்தில் சிறு ரப்பர் வளையம் கிழிந்து ஆயில் கசிந்தாலும், மிதிக்கும் கால் தரையைத் தொடும். நான்கு சக்கரங்களும் ஒருங்கே பிடி இழக்கும். பிற்கால வண்டிகளில் இச்சுற்று இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒன்று போனாலும் மற்றது நிற்கும். மேலும், பழைய டிரம் பிரேக் நீரில் நனைந்தால் சிறிது நேரம் பிடிக்காது. ஓடையைக் கடந்து உடனே சரிவில் இறங்கும் வண்டிக்கு அந்தச் சிறிது நேரமே போதும், பள்ளத்தில் வீழ்வதற்கு. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் இறங்கும் வண்டியை எண்ணிப் பார்ப்போம். அவ்வழியில் எதிரே வரும் மிதிவண்டிக்காரருக்கு அந்த ஜீப்பின் பழமையைப் பற்றி யாதொரு கடப்பாடும் இல்லை. அவர் அறிய விரும்புவது ஒன்றே: அது நிற்குமா? 'அசல் நிலையிலேயே வைத்திருக்கிறேன்' என்னும் பெருமை அவருக்குத் தரும் விடையாகாது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். வண்டியை அரையடி உயர்த்தி, பெரிய டயர்களைப் பூட்டி, கண்ணைப் பறிக்கும் விளக்குகளை வரிசையாய் வைப்பதும் மேம்படுத்தல் என்றே இன்று பேசப்படுகிறது. உயர்த்திய வண்டியின் எடைமையம் மேலேறுவதால் வளைவில் கவிழும் வாய்ப்புக் கூடுகிறது. பெரிய டயரை நிறுத்தப் பழைய பிரேக் கூடுதலாய்ப் போராட வேண்டியிருக்கிறது. வேகமானியோ உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டுகிறது. எதிரே வருபவரின் கண் கூசுகிறது. பணம் செலவாகிறது, ஆனால் யாருடைய உயிரும் காக்கப்படவில்லை. பிரேக்கை இரு சுற்றாக்குவதும், வண்டியை அரையடி உயர்த்துவதும் ஒரே பட்டறையில், ஒரே கைகளால், ஒரே 'மேம்படுத்தல்' என்னும் பெயரில் நிகழ்கின்றன. முன்னது அயலாரைக் கருதுகிறது. பின்னது கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொள்கிறது.

நாட்டின் சட்டமும் இவ்வகையில் நம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது. உற்பத்தியாளர் தந்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. எஞ்சினை மாற்றுவது போன்றவற்றைப் பதிவு அலுவலரின் அனுமதியுடனேயே செய்ய வேண்டும். 2021இல் வந்த விதிகளோ, முதற்பதிவு முடிந்து 50 ஆண்டுகள் கடந்து, அசல் வடிவம் மாறாமல் பேணப்படும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு வழங்கின; அவ்வண்டிகளை அன்றாடப் பயணத்துக்கு ஓட்டலாகாது என்றும் வரையறுத்தன. இதன் உட்பொருள் ஆழமானது. பழமையின் மதிப்பை வேண்டுபவர் பயன்பாட்டை விட்டுக்கொடுக்க வேண்டும். பயன்பாட்டை வேண்டுபவர் சோதனைக்கு உட்பட வேண்டும். இரண்டின் நன்மையையும் பெற்று இரண்டின் கடமையையும் தட்டிக்கழிக்க விழைவதே நம் காலத்தின் சபலம்.

இங்கே நேர்மையான ஒரு மறுப்பு எழக்கூடும். 'பாதுகாப்பே அளவுகோலாயின், பழைய ஜீப்பை உடைத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதே முறையன்றோ? எத்துணை மாற்றினாலும் புதிய வண்டியின் காப்பு அதற்கு வாராதே' என்பர். இது எளிதில் தள்ளத்தக்க மறுப்பன்று. மோதலின் விசையைத் தாங்கி நொறுங்கும் முன்பகுதியோ, காற்றுப்பையோ அதில் இல்லை. அவற்றைப் பொருத்தவும் இயலாது. ஆகவே அதன் எல்லையை அறிந்து ஓட்டுவதே அதற்கு நாம் செய்யும் மரியாதை. அளவுக்கு மீறி ஆள் ஏற்றாமை, நெடுஞ்சாலையின் வேகத்தோடு போட்டியிடாமை, சரிவில் கியரைக் குறைத்து மெல்ல இறங்குதல் ஆகியவை அவ்வெல்லைக்குள் அடங்கும். அவ்வாறு ஓட்ட மனமில்லாதவர் அதனை நிறுத்திவைத்துப் போற்றட்டும். முதியவரை மதிப்பவர் அவரைச் சுமை தூக்கச் சொல்வதில்லை.

மறைத்த துருவும் எழுதிய ஏடும்

இன்னொரு கடமையும் உண்டு. அது வாய்மை. துருவேறிய தகட்டின்மேல் பட்டி பூசி, தேய்த்து, பளபளக்கப் பெயிண்ட் அடித்துவிட்டால் காண்பவர் கண்ணுக்கு அது புதியதாகத் தோன்றும். உள்ளே இரும்பு உதிர்ந்துகொண்டே இருக்கும். விற்பவர் சிரிப்பார், வாங்கியவர் முதல் மழையில் அறிவார். பின்னாளில் செய்த தகட்டை அசல் என்று சொல்வதும், எண் பொறித்த தகட்டை ஒரு வண்டியிலிருந்து கழற்றி வேறொன்றில் பொருத்துவதும் இதே பொய்யின் பெரிய வடிவங்கள். கடைசியாகச் சொன்னது சட்டத்தின் முன் குற்றமும் ஆகும்.

பழமையின் சின்னங்களைப் புதுப்பிப்போருக்கென 1964இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம் இதற்கொரு நல்ல நெறியைக் காட்டுகிறது. ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நிற்க வேண்டும். புதிதாய்ச் சேர்த்தவை பழையனவற்றோடு இசைந்திருப்பினும், அவை புதியவை என அறியத்தக்கதாய் இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பேராலயத்துக்கும் கோட்டைக்கும் உரிய இந்நெறி முற்றத்து ஜீப்புக்கும் பொருந்தும். கொட்டகையில் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். எந்தப் பாகம், எந்த நாளில், எதனால் மாற்றப்பட்டது, புதிய பாகம் எங்கிருந்து வந்தது என எழுதிவைத்தால் அதுவே வண்டியின் வாய்மை.

வீட்டிலேயே வேலை செய்வோருக்கு வீட்டாரைப் பற்றிய கடமையும் உண்டு. பழைய பிரேக் லைனிங்குகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அத்தூசியை வாயால் ஊதுவதும் காற்றடித்துப் பறக்கவிடுவதும் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே நன்று. வடித்த பழைய ஆயிலை மரத்தடியில் ஊற்றினால் அது மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றை நாடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுப்பவர், தம் உயிரை மட்டுமன்றித் தம்மை நம்பியிருப்போரின் வாழ்வையும் பணயம் வைக்கிறார். உறுதியான தாங்கிகள் இன்றி அடியில் நுழையலாகாது. பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் மனைவியின் மருத்துவச் செலவும் காத்திருக்க, இரும்புக்கு அள்ளி இறைக்கும் பணம் ஆர்வம் எனப்படாது. ஒரு பொருளை மீட்கும் முயற்சியில் வீட்டை இழப்பவர் எதனையும் மீட்டவராகார்.

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கூறலாம். ஜீப்பின் தன்மை அதன் இரும்பில் இல்லை, இரும்பு மாறிவிட்டது. உரிமையாளரின் ஆசையிலும் இல்லை. அவர்களும் மாறிக்கொண்டே வருகின்றனர். கரடுமுரடான வழியில் மனிதரை ஏற்றிச்சென்று பத்திரமாய்க் கொண்டுசேர்ப்பதற்காக அது செய்யப்பட்டது. அப்பணியைக் காக்கும் மாற்றமெல்லாம் அதற்கு உண்மையானது. அப்பணியை மறக்கும் மாற்றம், அசல் பாகத்தைக் கொண்டே செய்யப்பட்டாலும், அதற்கு அயலானது. மனிதரைப் பற்றியும் நாம் இவ்வாறே கருதுகிறோம். முப்பது ஆண்டுகளில் ஒருவரின் தோற்றமும் குரலும் எண்ணங்களும் மாறிவிடுகின்றன. ஆயினும் அன்று கொடுத்த வாக்கை இன்றும் காப்பவரை, 'அவர் அதே மனிதர்தான்' என்று தயங்காமல் சொல்கிறோம்.

ஆகவே அந்த நோட்டுப் புத்தகத்தில் மாற்றியவற்றின் பட்டியலோடு, மாற்ற இயலாமல் விட்டவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவோம். இந்த இடத்தில் துரு இன்னும் இருக்கிறது, இந்த வேகத்துக்கு மேல் இவ்வண்டியை நம்பவேண்டாம், இத்தனை பேருக்கு மேல் ஏற்றவேண்டாம் என அதில் எழுதிவைப்போம். நமக்குப் பின் அதனை ஓட்டப்போகிறவர் யாரென நாம் அறியோம். அவருடைய உயிருக்காக எழுதும் அந்தப் பக்கமே நாம் செய்த வேலைகளிலெல்லாம் மேலானது.